சிர்கான் மணலைக் காற்றில் ஊதுவதா, பக்கெட்டில் தூக்குவதா?

கார்னெட் மணலை ஊரெல்லாம் காசு கொடுத்து வாங்குவது எதற்காக? காற்றோடு கலந்து இரும்பின்மேல் பாய்ச்சி, துருவையும் பழைய பெயிண்டையும் உரித்தெடுக்கத்தான். அதே மணலை ஆலைக்குள் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோக, இரும்புக் குழாய்க்குள் காற்றோடு சேர்த்து அடிக்கிறோம். சில மாதங்களில் குழாயின் வளைவு (பெண்ட்) ஓட்டையாகி மணல் பீய்ச்சியடித்தால், குழாய் சப்ளை செய்தவர்மேல் கோபப்படுகிறோம்.

மணவாளக்குறிச்சி, சவரா, ஒடிசாவின் சத்ரப்பூர் ஆகிய இடங்களில் கடற்கரை மணலிலிருந்து இல்மனைட், ரூட்டைல், சிர்கான், கார்னெட், சில்லிமனைட், மோனசைட் எல்லாம் பிரித்தெடுக்கப்படுகின்றன. 1 முதல் 10 வரை போகும் மோஸ் அளவில் சிர்கானின் கடினம் 7.5. கார்னெட் 6.5 முதல் 7.5 வரை. சாதாரண மைல்டு ஸ்டீல் 4-ஐ ஒட்டி நிற்கிறது. கடினம் மட்டுமல்ல, எடையும் சேர்ந்துகொள்கிறது. சிர்கான் தண்ணீரைப் போல 4.6 மடங்கு கனம்; ஆற்று மணலில் இருக்கும் குவார்ட்ஸ் 2.65 மடங்குதான். அதே பருமனுள்ள துகள், அதே வேகத்தில் வந்து மோதினால், சிர்கான் ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்கு பலமாக அடிக்கும்.

பொதுவாகப் பேசிக்கொண்டே போனால் முடிவுக்கு வர முடியாது. ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். காய்ந்த மணலிலிருந்து கனிமங்களைப் பிரிக்கும் உலர் பிரிவின் கடைசித் தொட்டியில் சிர்கான் மணல் விழுகிறது. மணிக்கு 10 டன். அதை 120 மீட்டர் தள்ளியிருக்கும் மூட்டை கட்டும் கூடத்தின் சைலோவுக்கு (உயரமான சேமிப்புத் தொட்டிக்கு) கொண்டுபோக வேண்டும். 18 மீட்டர் உயரம் ஏற்ற வேண்டும். நடுவில் லாரி போகும் சாலை. வருடத்துக்கு 6,000 மணி நேரம் ஓட்டம். எதை வாங்குவது?

காற்றே வேண்டாத வழிகள்

மணிக்கு 10 டன் என்றதும் பெரிய மலைபோலத் தோன்றும். சிர்கான் மணல் ஒரு கன மீட்டருக்கு 2.7 டன் வரை நிற்கும். அதாவது மணிக்கு நான்கு கன மீட்டருக்கும் குறைவு. ஒரு டன் ஜம்போ பையில் போட்டு ஃபோர்க்லிஃப்டில் எடுத்துப்போனால் மணிக்குப் பத்து நடை. எப்படியும் ஜம்போ பையில்தான் விற்கப் போகிறோம் என்றால், உலர் பிரிவின் அடியிலேயே பை நிரப்பும் ஏற்பாட்டை வைத்துவிட்டால் 120 மீட்டர் குழாயே தேவையில்லை. இந்த யோசனையை யாரும் டெண்டரில் எழுதிப் பார்த்ததில்லை. விற்க ஒரு இயந்திரம்கூட இல்லாத தீர்வை எந்த சப்ளையர் வந்து சொல்வார்? மூன்று ஷிஃப்டும் பை தூக்க ஆளும் வண்டியும் வேண்டும், சைலோவில் இருப்பு வைத்துக் கலக்க முடியாது என்ற குறைகள் உண்டு. ஆனாலும் முதலில் கணக்குப் போட வேண்டியது இதைத்தான்.

அடுத்தது பக்கெட் எலிவேட்டரும் பெல்ட் கன்வேயரும். ஒரு டன்னை 18 மீட்டர் தூக்க இயற்பியல் கேட்பது 0.05 யூனிட் மின்சாரம். எலிவேட்டருக்கும் மூடிய பெல்ட்டுக்கும் சேர்த்து, உராய்வு, கியர் பாக்ஸ் எல்லாம் போக, 5 கிலோவாட் ஓடினால் தாராளம். டன்னுக்கு அரை யூனிட். தேய்மானம் இல்லாமல் இல்லை: பக்கெட் உதடு, எலிவேட்டரின் அடித்தொட்டியான பூட், மணல் சரிந்து இறங்கும் சூட் எல்லாம் தேயும். ஆனால் அங்கே மணல் விநாடிக்கு ஒன்றிரண்டு மீட்டர் வேகத்தில்தான் நகர்கிறது. தேய்வது கண்ணுக்குத் தெரியும், முன்கூட்டியே மாற்றலாம்.

எலிவேட்டர் வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. கேட்டலாக்கில் கன மீட்டர் கணக்கில் கொள்ளளவு போட்டிருப்பார்கள். தானியத்தையோ சிமெண்டையோ மனதில் வைத்து அளவெடுத்த பெல்ட்டும் ஷாஃப்ட்டும் 2.7 டன் அடர்த்தியைத் தாங்காது. மின்வெட்டில் நின்றுபோய்ப் பூட் நிறைந்துவிட்டால், மண்வெட்டியோடு உள்ளே இறங்கி அள்ளும் வேலை ஆட்களுக்கு. ஸ்க்ரூ கன்வேயரை இந்த மணலுக்கு நினைத்தும் பார்க்க வேண்டாம். சங்கிலியால் மணலை இழுத்துப்போகும் டிராக் செயினும் அப்படித்தான். சங்கிலியின் ஒவ்வொரு இணைப்பிலும் மணல் புகுந்து அறுக்கும். அடியிலிருந்து காற்று ஊதி மணலை வழிய விடும் ஏர் ஸ்லைடுக்குச் சரிவு வேண்டும், இங்கே ஏற்றம். கழித்துவிடலாம். குழம்பாக்கி பம்ப் செய்வது ஈரப் பிரிவுக்கு அருமையான வழி. செலவு செய்து உலர்த்திய சரக்கை மறுபடி நனைப்பதில் அர்த்தமில்லை.

உலர் பிரிவுக்கு உள்ளே, ஒரு பிரிப்பானிலிருந்து அடுத்த பிரிப்பானுக்கு ஏற்றுகிற இடங்களில், எலிவேட்டருக்கு மாற்று கிடையாது என்றே சொல்வேன். உயர் மின்னழுத்தப் பிரிப்பான் சரியாகப் பிரிக்க, மணல் சூடாகவும் ஈரமில்லாமலும் இருக்க வேண்டும். குழாயில் ஊதினால் கலந்துவரும் காற்று அந்தச் சூட்டைப் பிடுங்கிக்கொள்ளும். அடுத்த கட்டத்தில் மறுபடி சூடாக்கும் எரிபொருள் செலவு எந்த ஒப்பீட்டு அட்டவணையிலும் வராது.

சரி, காற்று எங்கே உண்மையாகவே தேவைப்படுகிறது? சாலையைக் கடக்க பெல்ட்டைச் சுமக்கும் மேம்பாலம் (கேலரி) கட்ட இடமில்லை, நடுவில் பழைய கட்டடம் நிற்கிறது, ஒரே தொட்டியிலிருந்து நான்கு சைலோவுக்கு மாற்றி மாற்றி அனுப்ப வேண்டும், அல்லது தூசு வெளியே வரவே கூடாது. இந்த நான்கில் ஒன்றாவது இருந்தால் குழாயைப் பற்றிப் பேசலாம்.

லீன் ஃபேஸ்: மலிவாக வாங்கி, ஓட்டும்போது செலவழிப்பது

லீன் ஃபேஸ் என்றால் நிறையக் காற்றில் கொஞ்சம் மணல். இதில் ரூட்ஸ் புளோயர் என்ற ஊதுகருவி காற்றைத் தள்ளும், சுழலும் ரோட்டரி வால்வு மணலைக் குழாய்க்குள் இறக்கும், துகள்கள் காற்றில் மிதந்தபடி பறக்கும். பறக்க வேண்டுமென்றால் வேகம் வேண்டும். இந்தப் பருமனுக்கும் எடைக்கும் தொடக்கத்தில் விநாடிக்கு 20 மீட்டர் என்று வைத்துக் கணக்குப் போடுகிறேன். சோதனையில் இன்னும் கூடலாம், குறைவாக வரும் என்று நம்ப வேண்டாம்.

125 மி.மீ. குழாய், தொடக்கத்தில் 0.6 பார் அழுத்தம். இதற்கு மணிக்குச் சுமார் 1,400 கன மீட்டர் காற்று ஆகும். புளோயரின் திறனையும் சேர்த்தால் 31 கிலோவாட் வரும். டன்னுக்கு மூன்று யூனிட். எலிவேட்டரைவிட ஆறு மடங்கு. வருடத்துக்கு 1,86,000 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்று வைத்தால் ஏறக்குறைய 15 லட்சம். எலிவேட்டருக்கு இரண்டரை லட்சம்கூட ஆகாது.

மின்சாரத்தைவிடப் பெரிய தலைவலி தேய்மானம். துகள் அரிப்பு வேகத்தின் 2 முதல் 3 வரையிலான அடுக்கில் ஏறுகிறது, 2.5 என்று வைத்துக்கொள்வோம். அடைத்துக்கொள்ளக் கூடாதே என்ற பயத்தில் ஆபரேட்டர் காற்றை 20 சதவீதம் கூட்டி வைத்தால், தேய்மானம் 58 சதவீதம் கூடும். இப்படிக் கூட்டி வைக்காத ஆலை அபூர்வம்.

குழாய்க்குள் நடக்கும் இன்னொன்றைப் பலர் மறந்துவிடுகிறார்கள். காற்று போகப் போக அழுத்தம் குறைகிறது, காற்று விரிகிறது, வேகம் ஏறுகிறது. வளிமண்டல அழுத்தத்தையும் சேர்த்துத் தொடக்கத்தில் 1.6 பார், முடிவில் 1 பார். அதனால் 20 மீட்டரில் கிளம்பிய காற்று சைலோ வாசலில் 32 மீட்டரில் ஓடுகிறது. கடைசிப் பெண்ட் முதல் பெண்டைவிட மூன்று மடங்குக்கும் மேல் வேகமாகத் தேய்கிறது என்றால் காரணம் இதுதான். கடைசிப் பகுதியில் குழாயை 150 மி.மீ. ஆக்கினால், முடிவில் வேகம் 22 மீட்டருக்கு வந்துவிடும். அங்கே இருக்கும் பெண்டின் தேய்மானம் பாதிக்கும் கீழே இறங்கும். மாற்றும் இடம் முக்கியம். 125-இல் வேகம் 29 மீட்டரைத் தொடும்வரை பொறுக்க வேண்டும். அதற்கு முன்பே அகலமாக்கினால், அந்த இடத்தில் வேகம் 20-க்குக் கீழே போய் மணல் படியும். ஒரு ரெட்யூசரும் (விட்டம் மாற்றும் இணைப்பு) சில நீளம் குழாயும்தான் செலவு. இத்தனை மலிவான தேய்மானத் தடுப்பு வேறில்லை. ஆனாலும் ஒரே விட்டத்தில் நெடுக ஓடும் குழாய்களைத்தான் அதிகம் பார்க்க முடிகிறது.

ரோட்டரி வால்வுதான் லீன் ஃபேஸின் பலவீனமான இடம். ரோட்டரின் விளிம்புக்கும் உறைக்கும் நடுவே மயிரிழை இடைவெளி. கீழே அழுத்தம், மேலே தொட்டி. அந்த இடைவெளி வழியாகக் காற்று மேல்நோக்கிச் சீறும்போது மணலையும் இழுத்துக்கொண்டு போய் விளிம்பை அறுக்கிறது. இடைவெளி கூடுகிறது, கசிவு கூடுகிறது, குழாய்க்குக் கிடைக்கும் காற்று குறைகிறது, மணல் படியத் தொடங்குகிறது. உடனே புளோயர் வேகத்தைக் கூட்டுகிறார்கள். வால்வு மாற்றப்பட்ட நாளில், கூட்டிய வேகத்தைக் குறைக்க யாருக்கும் ஞாபகம் வராது. அன்றிலிருந்து பெண்டுகள் அடி வாங்குகின்றன.

அழுத்தத்துக்குப் பதிலாக உறிஞ்சும் முறையும் உண்டு. தூரமும் அளவும் குறைவாகத்தான் முடியும், 0.5 பாருக்கு மேல் இழுக்க முடியாது. ஆனால் குழாய் ஓட்டையானால் தூசு வெளியே வராமல் காற்று உள்ளே போகும். மோனசைட்டில் தோரியம் இருக்கிறது, சிர்கானிலும் சிறிதளவு யுரேனியமும் தோரியமும் உண்டு. இவற்றின் தூசை ஆட்கள் சுவாசிக்கக் கூடாது. மோனசைட் கலந்த சரக்கைக் குறைந்த தூரம் நகர்த்த வேண்டியிருந்தால், மின் செலவைப் பார்க்காமல் உறிஞ்சும் முறைக்கே என் ஓட்டு.

டென்ஸ் ஃபேஸ்: மணல் ஒத்துக்கொள்ள வேண்டும்

டென்ஸ் ஃபேஸில் மணலை ஓர் அழுத்தக் கலனில் நிரப்பி, மூடி, கம்ப்ரஸர் காற்றால் மொத்தமாகத் தள்ளுவார்கள். வேகம் விநாடிக்கு 5 மீட்டரை ஒட்டி. லீன் ஃபேஸின் 20 எங்கே, இந்த 5 எங்கே. வேகம் 8 மீட்டர் என்றே வைத்தாலும், 2.5 அடுக்கில் தேய்மானம் பத்தில் ஒன்று. அழுத்தத்துக்கு எதிரே சுழலும் பாகம் எதுவும் இல்லை. காற்று குறைவு என்பதால், அதிலிருந்து தூசைப் பிரிக்கும் பேக் ஃபில்டரும் சிறிதாகிறது. சப்ளையரின் பிரசுரத்தைப் படித்தால் வேறு எதையும் யாரும் வாங்கவே கூடாது என்று தோன்றும்.

இரண்டு விஷயங்களைப் பிரசுரம் சொல்லாது.

முதலாவது, இது எல்லாச் சரக்குக்கும் ஒத்துவராது. 1973-இல் டெரெக் ஜெல்டார்ட் என்பவர் தூள்களைக் காற்றோடு அவை நடந்துகொள்ளும் விதத்தை வைத்து ஏ, பி, சி, டி என்று நான்காகப் பிரித்தார். அனல்மின் நிலையத்துச் சாம்பல் போன்ற நுண்ணிய தூள் காற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும். குழாயில் திரவம்போல ஓடும். அதனால்தான் பறக்கும் சாம்பலுக்கு டென்ஸ் ஃபேஸ் அவ்வளவு நன்றாக அமைந்தது. பருமனான, ஒரே அளவுள்ள உருண்டைகள் காற்றைத் தங்களுக்கு ஊடே விட்டு, குவியல் குவியலாக நகரும். உலர்ந்த சிர்கான் மணல், 100 முதல் 150 மைக்ரான் பருமனில், இரண்டிலும் சேராத பி வகை. காற்றைப் பிடித்தும் வைக்காது, தாராளமாக ஊடே விடவும் செய்யாது. வெறும் குழாயில் 5 மீட்டர் வேகத்தில் தள்ளினால் இறுகி அடைத்துக்கொள்ளும். அதே கனிமத்தை அரைத்து மாவாக்கினால் கதையே வேறு. டைல்ஸ் தொழிலுக்குப் போகும் சிர்கான் மாவு 45 மைக்ரானுக்கும் கீழே. அது டென்ஸ் ஃபேஸில் நன்றாகவே ஓடும். ஆக, சிர்கானுக்கு டென்ஸ் ஃபேஸ் போட்ட அனுபவம் எங்களுக்கு உண்டு என்று யாராவது சொன்னால், மணலா மாவா என்று கேட்க வேண்டும்.

மணலையும் மெதுவாகத் தள்ள வழியே இல்லை என்பதல்ல. வார்ப்பட ஆலைகளில் உலர்ந்த மணலை இப்படித்தான் கடத்துகிறார்கள். குழாய் நெடுகிலும் இடைவெளி விட்டு பூஸ்டர் வைத்துக் காற்றைச் சேர்க்க வேண்டும், அல்லது பக்கவாட்டில் பைபாஸ் குழாய் ஓட வேண்டும். பூஸ்டரின் நான்-ரிட்டர்ன் வால்வு ஒன்று மக்கர் செய்தாலும் மணல் காற்றுக் குழாய்க்குள் புகுந்துவிடும். சேர்க்கிற ஒவ்வொரு பூஸ்டரும் கடைசியில் வேகத்தையும் கூட்டுகிறது.

இரண்டாவது, குறைந்த வேகம் என்பது குழாயின் தொடக்கத்துக்குத்தான் உத்தரவாதம். 3 பார் அழுத்தத்தில் கிளம்பினால், வளிமண்டலத்தையும் சேர்த்து 4 பார். முடிவில் 1. ஒரே விட்டமான குழாயாக இருந்தால் 5 மீட்டர் வேகம் 20 ஆகிவிடும்; லீன் ஃபேஸின் தொடக்க வேகம். 80 மி.மீ. விட்டத்தில் தொடங்கி 100, அப்புறம் 125 என்று விரித்துக்கொண்டே போனால் முடிவில் 8 மீட்டரில் நிறுத்தலாம். விட்டம் மாறாத டென்ஸ் ஃபேஸ் குழாய்க்குக் கொட்டேஷன் வந்தால் திருப்பி அனுப்பிவிடலாம்.

மின்சாரம் மிச்சமாகும் என்று சொல்வதும் அப்படியே ஏற்க வேண்டியதல்ல. ஒரு கிலோ காற்றுக்கு 25 கிலோ மணல் போனால், மணிக்கு 400 கிலோ காற்று வேண்டும். நிமிடத்துக்கு ஐந்தரை கன மீட்டர். 7 பார் ஸ்க்ரூ கம்ப்ரஸருக்கு, நிமிடத்துக்கு ஒரு கன மீட்டர் காற்றுக்கு 6 கிலோவாட் என்று பார்த்தால் 33 கிலோவாட். புளோயருக்கு ஆனது 31. ஒரு கிலோவுக்கு 40 கிலோ போனால்தான் 21-க்கு இறங்கும். ஆலையின் பொதுக் காற்றை 7 பாருக்கு ஏற்றிவிட்டு 3 பாருக்கு இறக்கிப் பயன்படுத்துவது வீண். தனியாக ஒரு குறைந்த அழுத்தக் கம்ப்ரஸர் வாங்குவது நல்லது. கடற்கரை ஈரப்பதத்தில் ஏர் டிரையரும் கட்டாயம். அழுத்திக் குளிர்ந்த காற்று தண்ணீரைக் கக்கும், உலர்ந்த மணலில் அது போய்ச் சேரும். புளோயர் காற்று சூடாகவே வருவதால் லீன் ஃபேஸுக்கு இந்தத் தொல்லை குறைவு.

கலனின் மேல் வால்வையும் கவனிக்க வேண்டும். ஒரு தடவைக்கு ஒரு டன் என்றால் மணிக்குப் பத்து முறை, வருடத்துக்கு 60,000 முறை அது மணலுக்கு நடுவே மூட வேண்டும். சாதாரண பட்டர்ஃப்ளை வால்வு நிற்காது. காற்று ஊதி இறுகும் சீல் வைத்த டோம் வால்வு வேண்டும், ஒரு செட் சீல் எப்போதும் கையிருப்பில் இருக்க வேண்டும்.

பெண்டைப் பற்றி

எந்த முறையானாலும் முதலில் போவது பெண்ட்தான். வளைவு எவ்வளவு நீளமாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. இரும்பு போன்ற இழுபடும் உலோகங்கள் 15 முதல் 30 டிகிரிச் சாய்வில் உரசும்போதுதான் அதிகம் தேயும். நீண்ட வளைவு மணலைச் சரியாக அந்தக் கோணத்தில்தான் சுவரில் கொண்டுபோய் உரசுகிறது. செராமிக், வார்ப்பு பசால்ட் (உருக்கி வார்த்த எரிமலைப் பாறை) போன்ற நொறுங்கும் பொருள்களுக்கு நேர்எதிர்: நேராக மோதினால் சேதம், சாய்வாக உரசினால் தாங்கும். நீண்ட வளைவு வேண்டுமென்றால் பசால்ட் அல்லது அலுமினா பூச்சோடு போட வேண்டும். வெறும் இரும்பில் போட்டால் காசும் போகும், இடமும் போகும்.

உலர்ந்த மணலுக்கு நான் முதலில் பார்ப்பது முட்டு டீ. நேராக வந்த குழாயின் முனையை அடைத்துவிட்டு, பக்கவாட்டில் வழி விடுவது. முனையில் மணல் தேங்கி நிற்கும். வருகிற மணல் அந்தத் தேங்கிய மணலில்தான் மோதும். இரும்பு தப்பிக்கும். அழுத்த இழப்பு கூடுதல், புளோயருக்கு அதைத் தாங்கும் அளவு இருக்க வேண்டும். ஒட்டும் சரக்கென்றால் இது கூடாது, சிர்கான் ஒட்டாது.

அலுமினா ஓடுகளை ஒட்டிய பெண்ட் வாங்கினால் பசையின் வெப்ப வரம்பைக் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். டிரையரிலிருந்து சூடாக வரும் மணலில் பசை இளகி ஓர் ஓடு கழன்றால், அந்த ஓட்டையில் இரும்பு வெளிப்படும், கழன்ற ஓடு அடுத்த பெண்டில் போய்ச் சிக்கும். பசால்ட் கனமானது, தாங்கிகளை அதற்கேற்பப் போட வேண்டும். திடீர் வெப்ப மாற்றமும் அதற்கு ஆகாது. பெண்டை மாற்றிய கையோடு அதற்கு அடுத்த ஒன்றிரண்டு மீட்டர் நேர்க்குழாயையும் பார்க்க வேண்டும். பெண்டில் பட்டுத் திரும்பும் மணல் அங்கேதான் அடிக்கிறது. கிடைமட்டக் குழாய் அடிப்பக்கம் தேயும். அவ்வப்போது மூன்றில் ஒரு சுற்று திருப்பி வைத்தால் ஆயுள் நீளும். பழைய பெண்டைச் சுற்றித் தகரப் பெட்டி அடித்துக் கான்கிரீட் ஊற்றும் வழக்கத்தை ஏளனமாகப் பார்ப்பவர்கள் உண்டு. ஓடும் ஆலையில், மாற்றுப் பெண்ட் வரும்வரை, அதைவிட நல்ல யோசனை எனக்குத் தெரியவில்லை.

எதை வாங்குவது

நம் கணக்கில், கேலரிக்கு இடம் இருந்தால் எலிவேட்டரும் பெல்ட்டும்தான். வருடத்துக்குப் பன்னிரண்டு லட்சத்துக்கும் மேல் மின்சாரத்தில் மிச்சமாகும். சாலையைக் கடக்கும் கேலரிக்கு அந்தப் பணமே சில வருடங்களில் ஈடுகட்டிவிடும். இடமே இல்லையென்றால் பூஸ்டரும் விரியும் குழாயும் முட்டு டீயும் சேர்ந்த கலன் முறை, அதாவது டென்ஸ் ஃபேஸ். மாவாக இருந்தால் யோசிக்காமல் கலன் முறை. லீன் ஃபேஸை, பேக் ஃபில்டர் தூசைத் திருப்பி அனுப்புவது போன்ற சின்ன வேலைகளுக்கும், தினமும் ஒன்றிரண்டு மணி நேரம் மட்டும் ஓடும் பாதைகளுக்கும் வைத்துக்கொள்ளலாம். அங்கே அதன் குறைந்த முதலீடுதான் ஜெயிக்கும். கார்னெட்டை மெஷ் (சல்லடை) அளவு பார்த்து விற்கிறவர்களுக்கு லீன் ஃபேஸில் இன்னொரு நஷ்டமும் உண்டு: வேகமாக மோதும் துகள் உடைந்து அளவு மாறும், தூசு கூடும்.

கலன் முறைதான் என்று முடிவானால், ஆர்டர் போடுவதற்கு முன் சப்ளையரின் சோதனைக் குழாயில் நம் மணலையே ஓட்டிக் காட்டச் சொல்ல வேண்டும். கேட்டலாக்கில் இருக்கும் 'சிலிக்கா மணல்' வரி போதாது. சோதனையில் ஒரே மணலைத் திரும்பத் திரும்பச் சுற்றவிடுவார்கள். ஓட ஓட முனைகள் மழுங்கி, தூளும் சேர்ந்து, மணல் சாதுவாகிவிடும். அதனால் புதுச் சரக்கின் முதல் சில ஓட்டங்களின் எண்களைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். தொடக்க வேகம், முடிவு வேகம், ஒரு கிலோ காற்றுக்கு எத்தனை கிலோ மணல் என்ற மூன்றும் உத்தரவாதமாக ஒப்பந்தத்தில் ஏறட்டும். முழுக் குழாயில் மணல் நிற்கும்போது காற்றை நிறுத்தி, பத்து நிமிடம் கழித்து மறுபடி கிளப்பிக் காட்டச் சொல்ல வேண்டும். நம் ஊர் மின்வெட்டுக்கு அந்த ஒரு சோதனை மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம்.